டிரில் டீச்சர் நின்றால் விழுவாள்

நான் ஓடும்போது விழுந்ததே இல்லை. நின்றபோதுதான் விழுந்தேன். இந்த இரண்டு வாக்கியத்தை மனிதர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. யாரிடம் சொன்னாலும் "அதிகமா ஓடியிருப்பே, அதான்" என்பார்கள். இன்றைக்கும் பள்ளி மைதானத்தில் ஒரு பெண் மயங்கிச் சாய்ந்தால் நாலு பேர் ஓடிவந்து தூக்கி உட்கார வைக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுகூடப் பொய்தான், பாதி நேரம் நடையாய் நடந்துவிட்டு வந்துதான் ஒரு வரி எழுதுகிறேன்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த புதிது அது. எல்லைக்கோடு எங்கே விழும், திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று டீக்கடையிலிருந்து கோர்ட்டு வாசல் வரை ஒரே பேச்சு. நான் சித்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். பெயர் கஸ்தூரி. அந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, டிரில் டீச்சர் என்றால்தான் தெரியும். வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு நான் ஓடுவதைப் பார்க்க வேலியோரம் ஒரு கூட்டமே நிற்கும். சொந்த ஊர் புத்தூருக்குப் பக்கம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். கடலையும் கேழ்வரகும் போடுகிற விவசாயி. "பொட்டப்புள்ள ஓடறதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா?" என்று முதலில் சிரித்தவர், பிறகு சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் நிரந்தரம்.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டு விழா வந்தது. நல்ல வெயில். கடைசி ஓட்டத்தில் பிள்ளைகள் சோர்ந்துவிடக் கூடாதென்று கோட்டுக்கு வெளியே நானும் கூடவே ஓடினேன். முடிந்த கையோடு எல்லோரும் வரிசையில் அட்டென்ஷன். விருந்தினராக வந்த பெரிய மனிதர் எல்லைப் பிரச்சினையை எடுத்தார், எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. டிரில் டீச்சரே அசைந்தால் பிள்ளைகள் நிற்குமா? முழங்கால் மடங்காமல் கல்லாட்டம் நின்றேன். முதலில் கொட்டாவி வந்தது. காது அடைத்தது. வேர்வை சில்லென்று ஆனது. எதிரே இருந்த பந்தல் மஞ்சளாகி அப்புறம் வெளுத்துப்போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மீதியைப் பிறகு சொன்னார்கள். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தங்கமான மனுஷி. கல்யாணமாகாத பெண் இத்தனை ஆம்பிளைகள் முன்னால் தரையில் கிடக்கலாமா? நான் சாயும்போதே இன்னொரு டீச்சரோடு பாய்ந்து வந்து, இரண்டு பக்கமும் கையைக் கொடுத்து என்னைத் தாங்கி நிறுத்திவிட்டார். தலை தொங்கியதாம். தலையையும் நிமிர்த்திப் பிடித்தார்களாம். அப்போது என் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, கண் மேலே செருகிக்கொண்டது. "அய்யோ, வலிப்பு!" என்று யாரோ கத்த, இன்னொருவர் என் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். பிறகு நாற்காலியில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். விழித்துப் பார்த்தால் என் உள்ளங்கையில் விளையாட்டுச் சாமான் அறையின் சாவி இருக்கிறது, சுற்றிலும் நின்றவர்களின் முகம் மாறிவிட்டிருக்கிறது.

வலிப்புக்காரி மைதானத்தில் பிள்ளைகளை மேய்க்க முடியுமா? வேலை போச்சு என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஆயம்மா ஒருத்தி என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றையே பார்த்தாள், அவள் கணக்கு வேறு. சித்தூரில் பார்த்த டாக்டரைக் குறை சொல்லமாட்டேன். கையும் காலும் இழுத்தது என்று நாலு பேர் சாட்சி சொன்னால் அவர் என்ன செய்வார்? தூக்கம் வருகிற மாத்திரை கொடுத்து, ஓடாதே, நடக்காதே, படுத்தே இரு என்றார். படுத்தேன். படுக்கப் படுக்க, எழுந்து நின்றாலே கண்ணை இருட்டியது.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "திருப்பதியிலே நமக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க. போய்க் காட்டு. வலிப்பு இல்லேன்னு எழுதி வாங்கிட்டு வா. லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கிற வரைக்கும் உன் இடத்திலே ஆள் போடாமே பார்த்துக்கறேன். அதுக்கு மேலே என் கையிலே இல்லம்மா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேலே என்றுதான் தெரியவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரிக் கூடத்தில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் மொட்டை. மலையேறிக் கால் வெந்தவர்கள், படிக்கட்டில் மூச்சு வாங்கியவர்கள். நைனாவால் பெஞ்சில் உட்கார முடியவில்லை, எழுந்து எழுந்து சீட்டு வாங்கும் ஜன்னலை எட்டிப் பார்த்தார். நானும் உட்காரவில்லை. "ரெண்டு பேரும் இன்னாத்துக்கு பம்பரமாட்டம் சுத்திக்கினு கீறீங்க?" என்று அதட்டினாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி. சத்தியவேடு பக்கத்து முனியம்மா அக்கா. வயிற்றில் கட்டி. பிறகு வார்டிலும் எனக்கு அடுத்த கட்டில் அவளுக்கே கிடைத்தது. "எங்க ஊரு எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாவல. எந்த ராஜ்யத்துல சாவப்போறேன்னே தெரியாம படுத்துக்கினு கீறேன்" என்று சிரிப்பாள். சிரித்தால் வயிறு வலிக்கும், உடனே என்னைத் திட்டுவாள்.

டாக்டரம்மா கடலோர ஜில்லாக்காரர், சின்ன வயசு, தமிழ் ஒரு சொல் வராது. தெலுங்கிலேயே பேசினார். எங்களுக்கென்ன, வாயில் எது முதலில் வருகிறதோ அதுதான் பாஷை. என் கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கினார். பெட்டிக்குள் பாதரசம் ஏறி இறங்கியது. ரத்தம் குழாய்ச் சுவரை எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்று பார்ப்பதாம். அதுதான் பி.பி. படுக்கவைத்துப் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். எல்லாம் சரியென்றால் நான் ஏன் விழுந்தேன்? இதைவிட ஒரு வியாதியின் பெயரைச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பகலெல்லாம் வராந்தாவில் நடப்பேன். நர்ஸம்மா துரத்திக் கொண்டுவந்து கட்டிலில் போடுவார். ராத்திரி வார்டு முழுக்க இருமலும் முனகலும். படுத்தபடியே கால் விரல்களை ஆட்டிக்கொண்டிருப்பேன். பள்ளி திறக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் நைனா வெளியே மரத்தடியிலிருந்து எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு வருவார். அம்மா பஸ்ஸில் தெரிந்தவர்களிடம் களியும் கடலைத் துவையலும் கட்டி அனுப்பியிருப்பாள். "துன்னும்மா, துன்னாத்தான் தெம்பு" என்று முழுவதையும் எனக்கே உருட்டிக் கொடுத்துவிட்டுத் தான் ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடிப்பார்.

ஒரு காலையில் டாக்டரம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து, தான் நினைப்பதை எங்கள் இருவருக்கும் விளக்கினார். ஓடும்போது கால் சதைக்கு நிறைய ரத்தம் வேண்டும், அங்கே போகிற குழாய்கள் அகலமாகத் திறந்துகொள்ளும். எல்லாம் காலுக்கே போய்விட்டால் தலைக்கு? அதைப் பார்த்துக்கொள்வது நரம்புகள். கழுத்திலுள்ள ரத்தக் குழாயில் அழுத்தத்தை உணர்கிற ஒரு இடம் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் அங்கிருந்து மூளையின் அடிப்பாகத்துக்குச் சேதி போகும். மூளை உடனே நரம்பு வழியாக, இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லும், வயிற்றுப் பக்கத்துக் குழாய்களைச் சுருங்கச் சொல்லும். இது போதாதென்று, எட்டு வைக்கும்போதெல்லாம் கெண்டைக்கால் சதை ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஓடியவள் சட்டென்று நின்று, அசையாமலும் நின்றால்? பிழிவது நின்றுவிடும், ஆனால் காலில் குழாய்கள் திறந்தே இருக்கும். ரத்தம் கீழே தேங்கும். அப்போது நரம்புகள்தான் ஈடு கொடுக்க வேண்டும். சிலருக்கு, அதுவும் வெயிலில், உத்தரவு தலைகீழாகப் போய்விடும். குழாய்கள் தளர்ந்து, இதயமும் மெதுவாகி, தலைக்கு ரத்தம் எட்டாமல் மயக்கம் வரும்.

நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டார். "ரத்தம் ஓடறதே நரம்புலதானே டாக்டரம்மா? நரம்பு போயி நரம்ப எப்டி புடிக்கும்?"

டாக்டரம்மா திகைத்துப்போனார். எங்கள் பக்கத்தில் கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிகிறதே, அதுவும் நரம்புதான். ஊசி போடுவதும் நரம்பில்தான். தெலுங்கிலும் அதே கதை, அதற்கும் நரம், இதற்கும் நரம். டாக்டரம்மா ஒரு நூலையும் ரப்பர் குழாயையும் எடுத்துவந்து, நூலைக் குழாயில் சுற்றி இழுத்துக் காட்டினார். நூல்தான் நரம்பு, குழாயில் ஓடுவதுதான் ரத்தம். நைனா குழாயை வாங்கிப் பார்த்தார். "அட, இப்டி சொல்லு. கடைமடையெல்லாம் தொறந்து கெடந்தா மேட்டுக் கழனிக்கு எப்டி தண்ணி ஏறும்? மடை மூடறவன் தூங்கிட்டான்" என்றார்.

புரிந்துகொண்டவர் அதோடு விட்டாரா? பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் "ஒண்ணுமில்ல, நரம்புத் தளர்ச்சிதானாம்" என்று சொல்லியனுப்பினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேணிகுண்டா ஸ்டேஷன் பக்கத்துச் சுவர்களில் அந்த வார்த்தையைக் கொட்டை எழுத்தில் எழுதி, மருந்துக்கு விளம்பரம் செய்திருப்பார்கள். அது எந்த மாதிரி ஆம்பிளைகளுக்கான மருந்து என்று நைனாவுக்குத் தெரியாது. முனியம்மா அக்காவுக்குத் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்ததில் நர்ஸம்மா ஓடிவந்துவிட்டார்.

ஆனால் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மயக்கம் சரி, கைகால் இழுத்ததற்கு என்ன பதில்? வலிப்பு இல்லை என்று எழுதவேண்டியவர் பெரிய டாக்டர். அவர் ஊகத்துக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. மூளையின் மின்சாரத்தைப் படம் பிடிக்கிற மிஷினும் அங்கே கிடையாது. "அதே மாதிரி திரும்ப விழவைத்துப் பார்க்கலாமா?" என்று டாக்டரம்மா கேட்டார். "இப்பவே" என்றேன் நான்.

சாயங்காலம் வார்டுக்கு வெளியே இருக்கும் மாடிப்படியில் என்னை ஏறி இறங்கச் சொன்னார். அப்பாடா! எத்தனை நாளைக்குப் பிறகு ஓட்டம்! மூச்சு முட்ட, முதுகில் வேர்வை வழிய வழிய ஏறி இறங்கினேன். பிறகு சுவரோரம் அசையாமல் நிற்கவைத்து, கையில் பட்டையைச் சுற்றினார். பாதரசம் ஒவ்வொரு தடவையும் இன்னும் கீழேயே நிற்பதை நானே பார்த்தேன். கொட்டாவி, காது அடைப்பு, மஞ்சள், எல்லாம் அதே வரிசையில் வந்தன. கீழே மெத்தை போட்டிருந்தது. ஆனால் நான் மெத்தையில் விழவில்லை. தூணோரம் நின்றிருந்த நைனா ஒரே தாவலில் வந்து என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மார்போடு அணைத்து நிறுத்திவிட்டார்.

கையும் காலும் வெட்டி இழுத்தன. "சாவி! சாவி!" என்று நைனா அலறினாராம். "படுக்கோபெட்டண்டி! நிலபெட்டகண்டி!" என்று டாக்டரம்மா கத்தினாராம். படுக்க வையுங்கள், நிறுத்தாதீர்கள் என்று. நைனா விடவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே என் காலை வாரிவிட்டு இருவரையும் சேர்த்து மெத்தையில் தள்ளினார். என் தலை கீழே பட்டதும் இழுப்பு நின்றது. கால் இரண்டையும் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்தார். கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா வேர்த்து விறுவிறுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்றைக்கும் உன்னை யாராவது இப்படி நிறுத்திப் பிடித்தார்களா?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். மயக்கம் வந்தவள் விழுவதுதான் வைத்தியம் என்றார். விழுந்துவிட்டால் தலையும் காலும் ஒரே மட்டம், நரம்பு செய்யத் தவறியதைத் தரையே செய்துவிடும், ரத்தம் தானாகத் தலைக்கு வந்துவிடும். நிறுத்திப் பிடித்தால் மூளை ரத்தத்துக்குத் தவித்துக் கைகாலை உதறும். அது வலிப்பு வியாதி இல்லை. மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பிடித்த பிடிதான் எனக்கு வலிப்புக்காரி என்று பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. நைனா எழுந்து வெளியே போனவர் இருட்டும்வரை திரும்பி வரவில்லை.

பெரிய டாக்டர் கேட்டுவிட்டு, "நான் கண்ணால் பார்க்க வேண்டும். யாரும் பிடிக்கக் கூடாது. விழுந்தும் இழுப்பு வராவிட்டால் எழுதித் தருகிறேன்" என்றார். மறுநாள் காலையில் அவரும், கூட இரண்டு ஆண் டாக்டர்களும், கம்பவுண்டரும் வந்து நின்றார்கள். நைனா என்னைத் தனியாக இழுத்தார்.

"வாணாம்மா. நாலு ஆம்பிளைங்க முன்னாடி வயசுப் பொண்ணு தொபுக்குனு உழுந்து கெடக்கறதா? வேலை போனா போவுது. ஊட்டுக்குப் போலாம் வா."

"போயி? வலிப்புக்காரின்னு பேரெடுத்துக்கினு ஊட்டுலயே கெடக்கட்டுமா? அப்ப மட்டும் மானம் போவாதா நைனா?"

"அப்டி சொல்லல..."

"நீ வெளிய போ. நான் உழுந்து எழுந்து வரேன்."

"வெளிய போவமாட்டேன்" என்றார். "இங்கியே நிக்கறேன். தொடமாட்டேன். சத்தியமா தொடமாட்டேன்."

விழும்போது புடவை விலகாமல் கணுக்காலோடு சேர்த்துக் கட்ட, டாக்டரம்மா ஒரு பட்டைத் துணியை எடுத்து வைத்துக்கொண்டார். படி ஏறினேன், இறங்கினேன், மறுபடியும் ஏறினேன். நின்றதும் கணுக்காலில் துணியைக் கட்டினார். நைனா வராந்தா ஜன்னலருகே போய், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது. விழாமலே போய்விட்டால் என்ற பயம், விழுந்தும் இழுத்துவிட்டால் என்ற பயம். பெரிய டாக்டர் பாதரசத்தைப் பார்த்தபடி இருந்தார். காது அடைத்தது. நைனாவின் முகம் மட்டும் கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது முதுகில் மெத்தை, மேலே உத்தரம். "உன் பெயர்?" என்றார் பெரிய டாக்டர். "கஸ்தூரி" என்றேன். எங்கே இருக்கிறாய் என்றார், திருப்பதி ஆஸ்பத்திரி மாடிப்படி ஓரம் என்றேன். வலிப்பு வந்து தெளிந்தவள் இவ்வளவு தெளிவாகப் பேசமாட்டாளாம். அவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "இழுப்பு துளிகூட இல்லை. எழுதிவிடலாம். ஓடட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும். ஓடி முடித்ததும் நடக்கச் சொல்லுங்கள், கல் மாதிரி நிற்க வேண்டாம்" என்றார். கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் வராத அழுகை.

நைனா இன்னும் ஜன்னல் கம்பியை விடவில்லை. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. கண்ணில் தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

"டாக்டரம்மா, இப்ப தொடலாமா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா தலையாட்டினார். நைனா வந்தார். பழக்கம் விடவில்லை, என் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துவிட்டார். கொடுத்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். சுற்றிவந்து என் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார். அத்தனை ஆம்பிளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, என் இரண்டு காலையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"படுத்துக்கினே இரும்மா" என்றார். "அவசரமே இல்ல."